‘ஆல் சீசன்’ டயர் கீழவைப்பாருக்குத் தேவையா? - மீன் ஏற்றும் பிக்கப் வண்டிக்கு டயர் வாங்குவது எப்படி?

கீழவைப்பார் கரையில் வள்ளம் ஒதுங்கி, ஏலம் முடிந்ததும் மீனும் நண்டும் ஐஸோடு சேர்ந்து பெட்டிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு வேலை பிக்கப் வண்டிக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, தூத்துக்குடிக்கோ ராமநாதபுரம் பக்கமோ போய்ச் சேரும் வரை அத்தனை பேர் உழைப்பும் நான்கு டயர்களின் மேல்தான் நிற்கிறது. வழியில் ஒரு டயர் வெடித்தால் ஐஸ் கரையும், மார்க்கெட் நேரம் தவறும், மீன் விலை இறங்கும். ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

ஆனால், டயர் மாற்றும் நேரம் வரும்போது கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. “அண்ணாச்சி, வெயில், மழை எல்லாத்துக்கும் தாங்குற மாதிரி ஒண்ணு போடுங்க.” விளம்பரங்களில் வரும் ‘ஆல் சீசன்’, ‘ஆல் டெரைன்’ போன்ற பெயர்களும் இந்த ஆசையைத்தான் குறிவைக்கின்றன. இந்தப் பெயர்களுக்கு உண்மையில் என்ன பொருள்? நம்ம ஊர் சரக்கு வண்டிக்கு எதைப் பார்த்து டயர் வாங்க வேண்டும்?

‘ஆல் சீசன்’ என்றால் என்ன?

இது பனி பெய்யும் நாடுகளில் பிறந்த சொல். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் குளிர்காலத்துக்குத் தனி டயர் உண்டு. வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகி, சாலையைப் பிடிக்கும் திறன் குறையும். அதற்காக, குளிரிலும் மிருதுவாகவே இருக்கும் ரப்பரில் செய்யப்படுவது குளிர்கால டயர். ஆண்டுக்கு இரண்டு முறை டயர் மாற்ற விரும்பாதவர்களுக்காக, கோடைக்கும் லேசான பனிக்கும் பொதுவாக வந்ததே ‘ஆல் சீசன்’. பக்கவாட்டில் ‘எம்+எஸ்’ என்று இருந்தால் ‘சேறும் பனியும்’ என்று பொருள். மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துளியும் பொறித்திருந்தால், அது பனிச் சோதனையில் தேறிய டயர்.

தூத்துக்குடி மாவட்டத்தில் இந்த முத்திரைகளால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. ‘ஆல் சீசன்’ என்று எழுதியிருந்தால் டயர் கெட்டுப்போகாது, கூடுதலாக உழைக்கவும் செய்யாது. அந்தப் பெயருக்காக மட்டும் அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதே முதல் பாடம்.

இந்தக் கரையின் ‘சீசன்’ எது?

இங்கே டயருக்கு நான்கு எதிரிகள்.

முதலாவது சூடு. மே மாத மதியத்தில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரண்டாவது மழை. ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்து மாவட்டமே வெள்ளத்தில் மிதந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஒன்பது மாதம் காய்ந்த சாலையில் ஓடிப் பழகிய டயருக்கு, மீதி மூன்று மாதம்தான் உண்மையான பரீட்சை.

மூன்றாவது முள். விளாத்திகுளம் வட்டாரம் முழுக்கச் சீமைக்கருவேலமும் உடைமரமும் மண்டிக் கிடக்கின்றன. கரையோரப் பாதையில் உடைந்த சிப்பி ஓடும் சேர்ந்துகொள்ளும். நான்காவது உப்பு. கடற்காற்று, உப்பளப் பாதை, பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் ஆகிய மூன்று வழியிலும் அது சக்கரத்துக்கு வந்து சேருகிறது.

இந்த நான்கையும் தாங்குவதுதான் நம்ம ஊருக்கான ‘ஆல் சீசன்’ டயர். அதை அடையாளம் காண, விளம்பரப் பலகையை விட்டுவிட்டு டயரின் பக்கவாட்டைப் படிக்க வேண்டும். அதற்கும் முன்னால் போட வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது.

மீனின் எடை மட்டும் போதுமா?

மீன் வண்டியில் பலரும் மீனின் எடையை மட்டும் சொல்வார்கள். ஐஸைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவான கணக்கு. 700 கிலோ மீன் ஏற்றினால் ஐஸ் இன்னொரு 700 கிலோ. பெட்டிகளின் எடை 100 கிலோ என்று வைத்தால், மொத்தம் 1,500 கிலோ. “எழுநூறு கிலோதான்யா ஏத்திருக்கேன்” என்று சொல்லும் வண்டியில் உண்மையில் ஒன்றரை டன் இருக்கிறது.

பிக்கப் வண்டியில் சரக்கின் பெரும்பகுதி பின் அச்சில்தான் இறங்கும். அது 1,300 கிலோ என்றும், காலி வண்டியாக இருக்கும்போதே பின் அச்சில் 500 கிலோ இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு பின் டயர்களும் சேர்ந்து 1,800 கிலோவைச் சுமக்க வேண்டும். அதாவது ஒரு டயருக்கு 900 கிலோ. கையில் இருக்கும் டயர் அந்த எடைக்குச் செய்யப்பட்டதுதானா என்பதே கேள்வி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய டயர் போட்டுவிட்டதால் கூடுதலாக ஏற்றலாம் என்று அர்த்தம் இல்லை. பதிவுச் சான்றில் (ஆர்சி புத்தகம்) உள்ள மொத்த எடைதான் எல்லை. அச்சு, பிரேக், ஸ்பிரிங் எல்லாம் அந்த எடைக்காகச் செய்யப்பட்டவை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

டயரில் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

சிறிய சரக்கு வண்டிகளில் பரவலாக உள்ள ஓர் அளவு: ‘185 ஆர் 14 எல்டி 8பிஆர் 102/100 ஆர்’. இதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்து வரும் ‘ஆர்’ என்பது ரேடியல். 14 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். ‘எல்டி’ என்றால் இலகுரக சரக்கு வண்டிக்கான டயர். சில டயர்களில் இதற்குப் பதிலாக ‘சி’ என்று இருக்கும். ‘8பிஆர்’ என்பது டயரின் வலுவைக் குறிக்கும் தரம். உள்ளே உண்மையிலேயே எட்டு அடுக்கு இருப்பதாக எண்ண வேண்டாம். அந்தக் காலத்துப் பருத்தி நூல் அடுக்குகளை வைத்து வந்த அளவுகோல் இது. ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் வண்டியில் 145 ஆர் 12 அளவு டயரிலும் இதே 8பிஆர் தரத்தைப் பார்க்கலாம்.

மிக முக்கியமானது ‘102/100’. இது பளு எண். 102 என்றால் ஒரு டயர் தனியாகத் தாங்கும் எடை 850 கிலோ. 100 என்றால், பின்பக்கம் ஜோடியாகப் போடும்போது ஒவ்வொன்றும் 800 கிலோ. கடைசி எழுத்து வேக எல்லை. ‘ஆர்’ என்றால் மணிக்கு 170 கி.மீ., ‘கியூ’ என்றால் 160.

இப்போது மேலே போட்ட கணக்குக்குத் திரும்பலாம். தேவை 900 கிலோ, டயர் தாங்குவது 850. ஐஸைச் சேர்த்துக் கணக்கிட்டதும் இந்த டயர் எல்லையைத் தாண்டிவிட்டது. அதுவும் டயர் புதிதாக, காற்று முழுசாக இருக்கும்போது.

இதைவிட ஆபத்தான இன்னொன்று உண்டு. கிட்டத்தட்ட அதே அளவில் 185/80 ஆர் 14 என்று பயணிகள் காருக்கான டயர் கிடைக்கும். விலையும் குறைவு, டிஸ்க்கிலும் சரியாக உட்காரும். ஆனால் அதில் உள்ள பளு எண் 91. அதாவது 615 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 235 கிலோ வித்தியாசம். “சைஸ் ஒண்ணுதானே, போட்ருவோம்” என்று காருக்கான டயரைச் சரக்கு வண்டிக்குப் போடவே கூடாது. அளவு பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், ‘எல்டி’ எழுத்தையும் பளு எண்ணையும் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

கடைசியாக, தேதி. ‘டிஓடி’ என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். ‘2325’ என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. டயர் ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஓராண்டுக்குள் தயாரானதைக் கேட்டு வாங்குவது நல்லது.

இவற்றுடன் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். வணிக வாகன டயர்களுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 15636. ஈரச் சாலையில் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் இழுவை, சத்தம் ஆகியவற்றுக்கான ஏஐஎஸ்-142 தரவிதிகளும் 2022 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளன. இலகுரக சரக்கு வண்டி டயர்கள் இதில் ‘சி2’ பிரிவில் வரும்.

ரேடியலா, நைலானா?

ஓட்டுநர்கள் ‘நைலான் டயர்’ என்று சொல்வது குறுக்கு இழை டயரை. அதன் பக்கவாட்டுச் சுவர் தடிமனாக இருப்பதால் கல், முள், வெட்டு ஆகியவற்றை ஓரளவு தாங்கும். விலையும் குறைவு. ஆனால் ஓடும்போது சீக்கிரம் சூடேறும், பட்டன் வேகமாகத் தேயும், டீசலும் கூடுதலாக இழுக்கும். ரேடியலில் தரையைத் தொடும் பகுதிக்குக் கீழே எஃகுப் பட்டை இருக்கிறது. சூடு குறைவு, ஆயுள் அதிகம், மழையில் பிடிப்பும் மேல். பக்கவாட்டுச் சுவர் மெலிது என்பது மட்டுமே அதன் பலவீனம்.

தினமும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாக ஓடும் மீன் வண்டிக்கு ரேடியல்தான் ஏற்றது. உப்பளத்துக்கும் சாலைக்கும் இடையே மெதுவாக, குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டிக்கு நைலான் போதும். இரண்டையும் ஒரே அச்சில் கலந்து போடக் கூடாது.

பட்டனைப் பொறுத்தவரை, நீளவாக்கில் நான்கைந்து ஆழமான கோடுகள் ஓடும் டயர் மழைத் தண்ணீரை வேகமாக வெளியேற்றும். சாலை ஓட்டத்துக்கு அதுவே பொருத்தம். கட்டை கட்டையாக இருக்கும் ‘ஆல் டெரைன்’ டயர் மணலிலும் கரிசல் சேற்றிலும் உதவும். ஆனால் தார்ச்சாலையில் சத்தம் போடும், டீசல் குடிக்கும், மழையில் பிரேக் பிடிக்கும்போது சாலை டயர் அளவுக்கு நிற்காது. ஓட்டத்தில் பாதிக்கு மேல் மண்பாதை என்றால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

நல்ல டயரும் ஏன் வெடிக்கிறது?

“டயர் நல்ல டயர்தான்ணே, எப்படி வெடிச்சுதுன்னே தெரியல” என்பது பஞ்சர் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பெரும்பாலும் விடை காற்றில் இருக்கிறது.

எடையைச் சுமப்பது ரப்பர் மட்டும் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்றும்தான். 850 கிலோ என்பது முழு அழுத்தத்தில் மட்டுமே கிடைக்கும். மேலே சொன்ன 8பிஆர் டயருக்கு அது 65 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். காருக்கு அடிப்பதுபோல 35 அடித்துவிட்டு ஒன்றரை டன் ஏற்றினால், டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 முறை நடக்கும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடேறுவதுபோல ரப்பரும் சூடாகி, உள்ளே இழைகளுக்கும் ரப்பருக்கும் உள்ள ஒட்டு விட்டுப்போகும். வெளியே எதுவும் தெரியாது. ஒருநாள் வெயிலில், பாரத்தோடு, வேகமாகப் போகும்போது வெடிக்கும்.

கடற்கரை வண்டிகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மணலில் சக்கரம் புதைந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்குவார்கள். டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு கூடுவதால் வண்டி மேலே வந்துவிடும். அதில் தவறில்லை. இறக்கிய காற்றை நிரப்பாமல், “டவுன்ல போய் அடிச்சுக்கலாம்” என்று பாரத்தோடு பிரதான சாலையில் ஏறுவதுதான் தவறு. வண்டி பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்றை வைத்திருந்தால் இந்த ஆபத்து தீரும்.

காற்றழுத்தத்தை, வண்டியை எடுப்பதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிய பிறகு அழுத்தம் கூடத்தான் செய்யும். அதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்கிவிடக் கூடாது. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவிலோ கையேட்டிலோ இருக்கும், காலி வண்டிக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று என்று. நைட்ரஜன் கட்டாயம் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வாரம் ஒருமுறை அளவு பார்ப்பதே முக்கியம்.

முள் குத்தினால்?

கருவேல முள் ஆணி மாதிரி இல்லை. குத்தியதும் முனை ஒடிந்து உள்ளேயே நிற்கும், காற்று மெல்ல மெல்ல இறங்கும். டியூப்லெஸ் டயரில் இரண்டு நாள் வரை தெரியாமலே போகலாம். ஒரே சக்கரத்தில் மட்டும் அடிக்கடி காற்று குறைந்தால், சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து முள்ளை முழுசாக எடுக்க வேண்டும்.

தரையைத் தொடும் பகுதியில் 6 மி.மீ. வரையிலான ஓட்டையைச் சரிசெய்யலாம். வெளியிலிருந்து திரி சொருகுவது அவசரத்துக்கு. டயரைக் கழற்றி உள்பக்கம் ஒட்டுப் போடுவதே நிரந்தரம். பக்கவாட்டில் ஓட்டை விழுந்தாலோ, வெட்டுப்பட்டு இழை தெரிந்தாலோ, வீங்கியிருந்தாலோ அந்த டயரில் பாரம் ஏற்றக் கூடாது.

உப்பு டயரைத் தின்னுமா?

ரப்பரை உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. அது தின்பது இரும்பை. டிஸ்க்கின் ஓரம் துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்தால், டயர் அங்கே இறுக்கமாக உட்காராமல் காற்று கசியும். டயரில் ஆழமான வெட்டு இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய் எஃகுப் பட்டையையும் அரிக்கும். புது டயர் போடும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைத் தேய்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும், வால்வையும் மாற்ற வேண்டும். சரக்கு இறக்கியதும் சக்கரங்களில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் பாதிப் பிரச்சினை குறையும்.

பலரும் மறப்பது ஸ்டெப்னி. வண்டிக்கு அடியில் தொங்கும் அதன் மேல்தான் மீன் தண்ணீர் வடிகிறது. அவசரத்தில் கழற்றப் போனால் திருகு துருப்பிடித்து அசையாது. மாதம் ஒருமுறை இறக்கி, அதைத் தாங்கும் திருகுக்கு கிரீஸ் வைத்து, காற்றும் பார்த்து ஏற்ற வேண்டும்.

வண்டி நின்றாலும் டயருக்குப் பாதிப்பு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகு மீனை நம்பி ஓடும் வண்டிகளுக்கு அப்போது ஓட்டம் குறையும். டயர் ரப்பரில் வெடிப்பு விழாமல் காக்கும் மெழுகு கலந்திருக்கிறது. சக்கரம் சுழன்று ரப்பர் அசையும்போதுதான் அது மேற்பரப்புக்கு வரும். வெயிலில் அசையாமல் நின்றால் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். நிழலில் நிறுத்தி, காற்றை முழுசாக வைத்து, வாரம் ஒருமுறை கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும்.

எப்போது மாற்ற வேண்டும்?

பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அளவுகோல் தேவையில்லை. டயர் ஓரத்தில் முக்கோணம் அல்லது ‘டிடபிள்யூஐ’ குறி இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் சிறு மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் மழைக்கு இது போதாது. 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றுவது நல்லது. மொட்டை டயரால் தண்ணீரை வெளியே தள்ள முடியாது. வண்டி தண்ணீர் மேல் மிதக்கும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பேச்சைக் கேட்காது.

தேய்மானமே காரணத்தையும் சொல்லிவிடும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு அல்லது பாரம் அதிகம். ஒரு பக்கம் மட்டும் என்றால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போட்டால் நான்கும் சமமாகத் தேயும். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுதோறும் கடையில் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பட்டன் இருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

விலையை எப்படிப் பார்ப்பது?

2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் போட்டு வாங்கும்போது இதைக் கவனிக்கலாம்.

டயரின் விலையைத் தனியாகப் பார்க்காமல் ஓடும் கிலோமீட்டரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு டயர் 5,000 ரூபாய், 40,000 கி.மீ. ஓடும் என்று வைத்துக்கொள்வோம். கி.மீ.க்குப் பன்னிரண்டரை பைசா. இன்னொன்று 6,500 ரூபாய், 60,000 கி.மீ. ஓடினால் பதினோரு பைசாவுக்கும் குறைவு. விலை கூடியதே மலிவாகிறது. ஆனால் காற்றும் பாரமும் சரியாக இருந்தால்தான் அந்த 60,000 கிடைக்கும்.

ரீட்ரெட் டயரை முன் சக்கரத்தில் போட வேண்டாம். முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையை மீறிப்போகும். கம்பெனி வாரன்டி தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டுமே. அதிக பாரம், குறைந்த காற்று, வெட்டு ஆகியவற்றால் போன டயருக்குப் பணம் கிடைக்காது.

கடையில் கேட்க வேண்டியவை

* பழைய டயரில் உள்ள அளவும் பளு எண்ணும் புதியதில் இருக்கிறதா? பளு எண் கூடலாம், குறையக் கூடாது.
* ‘எல்டி’ அல்லது ‘சி’ எழுத்து இருக்கிறதா?
* தயாரிப்பு வாரமும் ஆண்டும் என்ன?
* ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா?
* வால்வு புதிதா? டிஸ்க்கின் துருவைத் தேய்த்தார்களா?
* பாரம் ஏற்றும்போது எவ்வளவு காற்று?
* பில்லில் டயரின் வரிசை எண் எழுதப்பட்டதா?

இரண்டு டயர் மட்டும் வாங்கப் பணம் இருந்தால், இரண்டையும் ஒரே அச்சில் ஜோடியாகப் போட வேண்டும். எந்தக் கம்பெனி என்பது கடைசிக் கேள்வி. நம் நாட்டின் பெரிய டயர் நிறுவனங்கள் பலவற்றுக்கும் தமிழ்நாட்டிலேயே ஆலைகள் உள்ளன, எல்லோரிடமும் சரக்கு வண்டிக்கான டயர் இருக்கிறது. ஐஸையும் சேர்த்து எடையைக் கணக்கிட்டு, அதற்கு ஏற்ற பளு எண்ணோடு வாங்கி, வாரம் ஒருமுறை காற்றைப் பார்த்தால், அவற்றில் எதுவும் வெயிலையும் ஐப்பசி மழையையும் தாங்கி ஓடும்.